டிப்போவுக்கு நடுவே ஒரு வழி

என்னையும் என் வீட்டையும் முப்பத்தெட்டு ஆண்டுகள் தவறாமல் ஓட்டிவிட்டு, கடந்த பதினான்கு மாதங்களாக மகள் வீட்டில் பணி நீட்டிப்புப் பெற்றிருக்கும் என் மனைவிக்கு, முன்னாள் பேருந்து டிப்போ நேரக் காப்பாளரும் இந்நாள் தனி ஆளுமாகிய உன் கணவன் எழுதுவது.

இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீ, மகள், மாப்பிள்ளை, பேத்தி நால்வரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் முழங்காலின் சௌக்கியத்தைத் தனியாகவும் விரிவாகவும் தெரிவிக்கவும்.

நேற்று மாலைதானே போனில் பேசினோம், இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நாம் எங்கே பேசுகிறோம்? மகள் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜையின் நடுவே வைத்துவிடுகிறாள், மாப்பிள்ளை மென்றுகொண்டே வணக்கம் சொல்கிறார், பேத்தி கரண்டியால் போனின் மேலேயே தாளம் போடுகிறாள், அந்த இரைச்சலில் நான் சாப்பிட்டாயா என்கிறேன், நீ ஆச்சு, நீங்கள் என்கிறாய், நானும் ஆச்சு என்கிறேன். பதினான்கு மாதமாக நாம் சாப்பிட்ட செய்தி ஒன்றைத்தான் இந்த உலகத்துக்கு முன்னால் அறிவித்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே நடந்ததை எல்லாம் தேதிவாரியாக எழுதுகிறேன். நிதானமாகப் படி.

ஆரம்பித்து வைத்தவள் நீதான். ஏழு மாதத்துக்கு முன்பு, எப்போது வருகிறாய் என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மேஜையில் எல்லோரும் இருந்தார்கள். நீ சிரித்துக்கொண்டே, "ஸ்டேஷன்ல இறங்கி அந்த டிப்போ சுவரைச் சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள என் முழங்கால் கழண்டு கையில வந்துடும்" என்றாய். அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு யோசித்தேன். நீ சொன்னது நியாயம். ஸ்டேஷன் அந்தப் பக்கம், நம் வீடு இந்தப் பக்கம், நடுவில் இருபத்தாறு ஏக்கருக்கு நகராட்சியின் டிப்போ. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு கேட்டில் நுழைந்து மறு கேட்டில் வெளியேறுவோம். டிப்போவை மூடி ஆறு வருடமாகிறது; இரண்டு கேட்டுக்கும் பூட்டு. இப்போது சுற்றி வர உன் நடைக்கு நாற்பது நிமிடம். கிட்டத்துச் சவாரி என்றால் வாடகை வண்டிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உன்னை எனக்கும் என்னை உனக்கும் எட்டாமல் வைத்திருப்பது முந்நூறு மைல் தண்டவாளம் இல்லை, கடைசி நாற்பது நிமிடச் சுவர்தான் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

மறுவாரமே அந்தச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். 'இந்த இடம் என்னவாக வேண்டும்? வாருங்கள், சேர்ந்து திட்டமிடுவோம்' என்று போட்டு, சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் என்றிருந்தது. நான் ஒன்பது நாற்பதுக்கே போய்விட்டேன். திட்ட அதிகாரி ஒரு சின்னப் பெண், நம் மகளைவிட நான்கு வயது குறைவாக இருக்கும். அவள் என்னைப் பார்த்து, நாற்காலி போட வந்தவர் என்று நினைத்து அறுபது நாற்காலியைக் காட்டினாள். போட்டேன். அதற்குப் பிறகுதான் நானும் பொதுமக்களில் ஒருவன் என்று தெரிந்து, மன்னிப்புக் கேட்டு, நாலாம் நம்பர் மேஜையில் உட்கார வைத்தாள். அங்கே ஏற்கெனவே நம் மாடிவீட்டு ஆடிட்டரும் முனை மருந்துக்கடைக்காரரும் உட்கார்ந்து, மருத்துவமனை வேண்டுமா வேண்டாமா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஜை அளவுக்கு ஒரு வரைபடம் விரித்து, ஆளுக்கு ஐந்து பச்சைப் பொட்டு கொடுத்து, ஐந்து விருப்பங்களை ஐந்து இடத்தில் ஒட்டச் சொன்னார்கள். நான் ஐந்தையும் இந்தக் கேட்டிலிருந்து அந்தக் கேட் வரைக்கும் ஒரே வரிசையில் ஒட்டினேன். "சார், அஞ்சு விருப்பம்" என்றாள் அந்தப் பெண். எனக்கு ஒன்றுதானம்மா இருக்கிறது என்றேன். அது வேலைக்கு ஆகாது, பிரித்து ஒட்டுங்கள் என்று ஆடிட்டர் என் பொட்டைப் பிய்க்க வர, நான் தடுக்க, தேநீர்க் கோப்பை கவிழ்ந்து இருபத்தாறு ஏக்கரும் ஏரியாகிவிட்டது. அதைத் துடைத்த கையோடு வரைபடத்தைக் கவனித்தால், குழந்தைகள் விளையாட்டு மைதானம் என்று அவர்கள் குறித்திருந்த இடம் நம் பழைய பணிமனை. பஸ்ஸுக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழிகள் பதினொன்று அங்கே இருக்கின்றன, மேலே பலகை மூடியிருக்கிறது, வரைபடத்தில் ஒன்றுகூட இல்லை. சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து நான் நிபுணர்.

இரண்டாம் கூட்டத்தில் தெர்மாகோல் கட்டைகளைக் கொடுத்து வீடு, கடை, பூங்கா என்று அடுக்கச் சொன்னார்கள். ஆடிட்டர் மூன்று மணி நேரம் அடுக்கி, ஒரு இடைவெளி விடாமல் கட்டி முடித்து, கைகட்டி நின்றார். என் வழியைக் காணோம். குனிந்து தேடினேன். தெர்மாகோல் தூசி மூக்கில் ஏறித் தும்மிவிட்டேன். என் தும்மல் எப்படி என்று உனக்குத் தெரியும். கட்டைகள் இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு பிளவு. ஆடிட்டர் வாயைத் திறப்பதற்குள், வெளியூரிலிருந்து வந்திருந்த கட்டடக்கலை நிபுணர் கேமராவோடு ஓடி வந்து, காற்றோட்டம் வெகு துணிச்சலாக அமைந்திருக்கிறது, யார் யோசனை என்று கேட்டார். ஆடிட்டர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார், ஒரு விநாடி கட்டைகளைப் பார்த்தார், பிறகு "எங்க மேஜையோட கூட்டு முயற்சி" என்றார். என் தும்மல்தான் இப்போது மூன்றாம் மாற்றுத் திட்டம் என்ற பெயரில் நகராட்சி வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். நான்தான், வழி மட்டும் போதாது, நூறு அடிக்கு ஒரு பெஞ்சு வேண்டும், பெஞ்சுக்குக் கைப்பிடி வேண்டும், எழும்போது ஊன்றிக்கொள்ள வசதியாக இருக்கும், தரையில் படி எங்கேயும் கூடாது, சரிவாகத்தான் இருக்க வேண்டும் என்று மூன்றாம் கூட்டத்தில் எழுந்து பேசினேன். நல்ல கோரிக்கை, இதை எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று அந்தப் பெண் பேனாவோடு கேட்டாள். நான் யோசிக்காமல், "ஒருத்தர்" என்று சொல்லிவிட்டேன். அவள் பேனா அப்படியே நின்றுவிட்டது. ஒருத்தருக்கொருத்தர் உதவியாக இருக்கும் என்று சொல்ல வந்தேன் என உளறிச் சமாளித்தேன். அறிக்கையில் 'மூத்த குடிமக்களின் நடமாட்டத் தேவைகள்' என்று தலைப்புப் போட்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். மூத்த குடிமக்கள் என்று வருகிற இடத்திலெல்லாம் உன்னைப் படித்துக்கொள்.

இனி எழுதப் போவதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான்காம் கூட்டத்தில் வீட்டுக்கு எத்தனை பேர் என்று படிவம் நிரப்பச் சொன்னார்கள். இரண்டு என்று எழுதினேன். ஆடிட்டருக்குக் கணக்கில் தப்பு இருந்தால் தூக்கம் வராது, அது அவர் தொழில். "ஒண்ணுதானே சார். வருஷத்துல ஆறு மாசமாவது இங்க இருந்தாத்தான் சேர்க்கணும். அவங்கதான் மகள் வீட்டோட போயிட்டாங்களே" என்று சொல்லி என் இரண்டை அடித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரர்கூடத் தலையாட்டினார். முப்பத்தோரு வருடம் எந்த பஸ் எத்தனை நிமிடத் தாமதம் என்று எழுதி வைத்தவன் நான். எவ்வளவு தாமதமானாலும் வந்து சேராத பஸ் என்று ஒன்றை நான் எழுதியது கிடையாது. குழுவிலிருந்து விலகுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாதித் தெரு வந்த பிறகுதான் செருப்பு மாறியது தெரிந்தது. வலது கால் என்னுடையது, இடது கால் ஆடிட்டருடையது.

மறுநாள் காலை அந்தத் திட்ட அதிகாரிப் பெண் என் இடது செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். தேநீர் போட அடுப்படிக்குப் போனேன், அவளும் பின்னாலேயே வந்தாள். நீ அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாளை நின்று படித்தாள். கேஸை மூடிவிட்டு மூடியாயிற்றா என்று இன்னொரு முறை பார்க்கவும் என்பதில் ஆரம்பித்துப் பதினாறு கட்டளை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட வேண்டாம், மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் செய்தித்தாள், கோபம் வந்தால் யாரிடமும் பேசாமல் கொஞ்ச தூரம் நடக்கவும். கடைசிக் கட்டளை, 'மூணு மாசம்தான், வந்துடுவேன்.' அவள் மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தாள். பையிலிருந்து என் படிவத்தை எடுத்து, ஆடிட்டர் அடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் 'இருவர்' என்று எழுத்தால் எழுதி, தன் கையெழுத்தையும் போட்டாள். தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருக்கிறேன். அதையும் குடித்துவிட்டுப் போனாள். நல்ல பெண்.

கடைசிக் கூட்டத்துக்கு நானும் போனேன்; ஆணையரே வந்திருந்தார். நம் வழியை ஏற்றுக்கொண்டார்கள். பெஞ்சு, கைப்பிடி, சரிவு எல்லாம் உண்டு. மூன்றாம் கட்டத்தில். முதலில் வீடுகள், பிறகு கடைகள், அதற்குப் பிறகுதான் பாதை, இன்னும் எட்டு வருடம் ஆகும் என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்தேன். எழுதிக் கொண்டுபோனது பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

"ஐயா, எட்டு வருஷம் கழிச்சு என் வீட்டுக்காரிக்கு அறுபத்தொம்பது. எனக்கு எழுபத்தஞ்சு. நீங்க நல்லாக் கட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா கேட் ரெண்டும் இப்பவே இருக்கு. பூட்டைத் திறந்தாப் போதும். எனக்காகப் புதுசா ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்றேன்.

ஆணையர் காகிதத்தைப் புரட்டி, குழிகள் இருக்கின்றனவே, யாராவது விழுந்தால் யார் பொறுப்பு என்றார். அப்போது ஆடிட்டர் எழுந்தார். "சாருக்கு ஒவ்வொரு குழியும் தெரியும். கயிறு கட்டி அடையாளம் வைக்கறது எங்க பொறுப்பு. நானும் கூட நிக்கறேன்" என்றார். மருந்துக்கடைக்காரரும் எழுந்தார். பிறகு பின்வரிசையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் எழுந்தார், கைத்தடியோடு ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், பள்ளிக்கூட வாத்தியார் என்று பத்து இருபது பேர். நான் ஒருத்தர் என்று சொன்ன கணக்கு அன்றைக்குத் தப்பாகிவிட்டது.

ஆணையர் சம்மதித்துவிட்டார். ஒன்பது நாள் மூன்று கிழவர்களும் கயிறு கட்டினோம், வெள்ளைக் கோடு அடித்தோம். ஆடிட்டர் ஏழாம் குழிக்குள் ஒரு கால் வரைக்கும் இறங்கிவிட்டார், சேதமில்லை, பெயிண்ட் டப்பாதான் போயிற்று. போன திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கேட் திறந்தது. மாலை ஆறு வரைக்கும் திறந்திருக்கும், சாவி என்னிடம்தான். கழித்துக்கட்டிய பஸ்களின் சீட்டுகள் ஷெட்டில் கிடந்தன, அதில் நான்கை வழியோரத்தில் போட்டிருக்கிறோம். இருவர் அமரும் சீட்டுகள். என் நடையில் பதினொரு நிமிடம். உன் நடைக்கு எவ்வளவு என்று பார்க்க, ஸ்டேஷன் கேட்டிலிருந்து வீடு வரைக்கும் உன்னைப் போலவே மெல்ல நடந்து, நான்கு சீட்டிலும் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன், பத்தொன்பது நிமிடம். சீட்டில் ஜன்னலோரத்தை விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஜன்னல் இல்லைதான், இருந்தாலும் அந்த ஓரம் உன்னுடையது. எதிரே வந்த மருந்துக்கடைக்காரர் நான் நடப்பதைப் பார்த்துவிட்டு, காலில் என்ன, தைலம் தரவா என்று கேட்டார்.

இதையெல்லாம் உன்னை அவசரப்படுத்த எழுதவில்லை. பேத்தி பள்ளிக்கூடம் சேரும் வரை நீ அங்கே இருப்பதுதான் முறை. மகளுக்கும் உன்னை விட்டால் ஆள் இல்லை. என்னைப் பற்றிய கவலை வேண்டாம், நான் முன்பைவிடச் சந்தோஷமாக இருக்கிறேன். நானும் அங்கே வந்து நிற்கச் சாத்தியமில்லை; கேட்டைத் திறக்க வேண்டும், சாத்த வேண்டும், குழு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. தவிர, போன முறை குழாயைச் சரி செய்கிறேன் என்று மாப்பிள்ளை வீட்டுக் கீழ்த்தளத்தையே நனைத்ததை அவர் இன்னும் மறந்திருக்க மாட்டார். ஆகவே நீ உன் வசதிப்படி, உடம்பைப் பார்த்துக்கொண்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ இருந்துவிட்டு வா.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேத்திக்கு இரண்டு கன்னத்துக்கும் தனித்தனியாக முத்தம். உன் முழங்காலுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் வருகைப் பதிவேட்டைத் திறந்தே வைத்திருக்கும்
உன் கணவன்

பின்குறிப்பு: மேலே கடைசியில் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இதை உறையில் போட்டு ஒட்டி, தபால்பெட்டி ஸ்டேஷனில் இருப்பதால், 10.05க்குக் கிளம்பி டிப்போ வழியாக நடந்தேன். 10.16க்கு ஸ்டேஷன் வந்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் டிக்கெட் கவுண்டர், ஆளே இல்லை. அங்கே நின்றபோதுதான் உறைத்தது. இத்தனை மாதமாக நான் இந்த வழியை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குத்தான் அளந்துகொண்டிருந்தேன். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும் இதே தூரம்தான் என்பது இந்த மண்டைக்குள் ஏறவே இல்லை. எந்த ஊருக்கு என்று உள்ளே இருந்தவர் கேட்டார். மகள் ஊரைச் சொல்லிவிட்டேன். டிக்கெட்டோடு வீட்டுக்குத் திரும்பி, உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கேட் சாவியை ஆடிட்டரிடம் கொடுத்தாயிற்று, கேஸை இரண்டு முறை பார்த்தாயிற்று. கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை, கையிலேயே கொண்டு வருகிறேன். நீ இந்த வரியைப் படிக்கும்போது எதிரில் நான் உட்கார்ந்திருப்பேன். படித்து முடித்தாலும் உடனே நிமிர்ந்து பார்த்துவிடாதே. எனக்குக் கூச்சமாக இருக்கும்.