வெள்ள ஒத்திகைக்கு ஆகாத மழை

கூடாரத்தின் மேல் முதல் துளி விழுந்த சத்தத்திலேயே சுகிமான் துள்ளி எழுந்தார்.

"லஸ்த்ரி, அது மழையா?"

"இல்ல பாக். உங்க நிலைமையப் பாத்து ஆகாசம் அழுவுது," என்றாள் உதவியாளர் லஸ்த்ரி. அந்த ஊரில் 'பாக்' என்றால் ஐயா, 'இபு' என்றால் அம்மா.

ஜகார்த்தாவின் வடக்கே, கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே இருந்தது அந்தக் காப்பீட்டு நிறுவனம். போன வருஷ வெள்ளத்தில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குளித்தன, வேலை நின்றது, பேரிடர்ப் பொறுப்பில் இருந்தவர் வீட்டுக்குப் போனார். அந்த நாற்காலியில்தான் இப்போது சுகிமான். "இன்னொரு தடவை வேலை நின்னா, நீங்க ராஜினாமா எழுதக்கூட சிரமப்பட வேணாம்," என்று தலைவி இபு ஹெர்மின் அன்பாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து சுகிமான் நிமிஷத்துக்கு ஒரு தடவை வானத்தை அண்ணாந்து பார்ப்பார்.

இன்று வெள்ள ஒத்திகை. ஊழியர்கள் கம்ப்யூட்டர்களோடு பஸ் ஏறி, போகோர் மலைப்பக்கம் இருக்கும் மாற்று அலுவலகத்துக்குப் போய் வேலையைத் தொடர வேண்டும். பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். தலைவி பட்டு பாட்டிக் உடையில் வருகிறார். மழையில் போய் யாராவது வெள்ள ஒத்திகை நடத்துவார்களா?

"கல்யாணத்துக்குக் கூப்பிடுவோமே, அந்த மாதிரி ஒரு பாவாங்கக் கூப்பிட்டுருவோம் பாக்," என்றாள் லஸ்த்ரி.

மழையைத் தள்ளிவிடுவதையே பிழைப்பாகக் கொண்ட பாவாங் துகிஜோ, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கறுப்புச் சட்டை, கையில் இரண்டு போன்.

"மழைய அழிக்க முடியாது பாக். தள்ளத்தான் முடியும். எங்க தள்ளட்டும்?"

சுகிமானுக்குப் புதுப் பயம் பிடித்தது. இன்னொருவர் வீட்டில் தண்ணீர் புகுந்தால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்?

"ஜனங்க இருக்கற பக்கம் வேணாங்க. யார் சாபமும் எனக்கு வேணாம். ஆளே இல்லாத எடமாப் பாத்துத் தள்ளுங்க."

"பெரிய மனசு உங்களுக்கு," என்ற துகிஜோ, ஈர்க்குச்சியில் மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி, தலைகீழாக மண்ணில் நட்டார்.

தூறல் நின்றது. சுகிமான் மூச்சு விட்டு முடிப்பதற்குள் சோவென்று கொட்டத் தொடங்கியது. ஓடிப் போய்ப் பார்த்தால் குச்சியைக் காணோம். சமையல் கூடாரத்தில் அம்மிச் சத்தம் கேட்டது.

"சம்பலுக்கு மிளகா பத்தல பாக்," என்றாள் சமையல்காரி. "நல்லவேளை, யாரோ தோட்டத்துல குத்தி வெச்சிருந்தாங்க."

துகிஜோ வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மழைக்குக் கோவம் வந்துருச்சு. இனிமே குச்சிக்கெல்லாம் அடங்காது. நிகழ்ச்சி நடத்துறவர் ஜட்டியக் கழட்டிக் கூரை மேல வீசணும். தொவச்சது ஆகாது."

லஸ்த்ரி மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கழிப்பறைக்குள் போய் வந்த சுகிமான், கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினார். அது கூரை வரை போகவில்லை. வாசல் கண்காணிப்புக் கேமராவில் மாட்டிக்கொண்டு தொங்கியது. அந்த நேரம் பார்த்துத் தலைவி காவல் அறையில் பத்திரிகைக்காரர்களுக்கு அதே கேமராவின் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னது, ஒண்ணுமே தெரியல? கோடு கோடா இருக்கு?"

லஸ்த்ரியோடு காவல் அறைக்கு ஓடி வந்த சுகிமான், வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"கேமரா கண்ணு அவிஞ்சு போனாலும் நம்ம வேலை நிக்காது, இபு," என்றாள் லஸ்த்ரி. "அதுக்கும் இன்னைக்கே ஒத்திகை."

"இதெல்லாம் கூட யோசிச்சிருக்காரா!" தலைவி பூரித்துப் போனார்.

மழை நின்றது. வெயில் வந்தது. அத்தோடு தலைவிக்கு உற்சாகமும் வந்தது.

"வெறும் ஒத்திகை எதுக்கு? இந்த வாரம் பூரா அங்கேயே வேலை நடக்கட்டும். பெரிய சர்வரையும் பஸ்ல ஏத்துங்க!"

"இபு, ரெண்டு எடத்துல ஒண்ணு ஒண்ணு இருந்தாத்தான்..." என்று இழுத்தார் சுகிமான்.

"பயந்தே சாவீங்க போல. இங்கதான வெள்ளம் வரும்? ஒரு வயர் கூட இங்க இருக்கக் கூடாது!"

எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஊழியர்கள், சர்வர், சம்பல் வைத்த சோற்றுப் பெட்டிகள் எல்லாம் புறப்பட்டன. தலைவியும் முன் பஸ்ஸில் ஏறிக் கையசைத்தார். "சுகிமான், உங்க வேலைக்கு இனி நான் உத்தரவாதம். இந்த ஒத்திகை மட்டும் நல்லபடியா முடியட்டும்!"

பஸ்கள் மறைந்ததும் சுகிமான் வெறிச்சோடிய முற்றத்தில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. துகிஜோவுக்குக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா கேட்டு வைத்தார்.

"ஆமா, மழைய எங்கதான் தள்ளுனீங்க?"

"நீங்க சொன்ன மாதிரியேதான் பாக்," என்றார் துகிஜோ, காபியை ஊதியபடி. "போகோர்ல நான் தெனம் போற வழியில பெரிய கட்டடம் ஒண்ணு, வருஷம் பூரா ஈ காக்கா இல்லாமக் கெடக்கு. வாசல்ல உங்க கம்பெனி பலகைதான். சொந்த எடம், யார் சாபமும் வராதுன்னு மொத்தத்தையும் அங்கேயே எறக்கிட்டேன்."