ஒரு கூடை எக்ஸ்

“தெரியாத எண்ணைத்தான் எக்ஸுன்னு சொல்றோம்,” என்றார் சடையப்பன் சார். கரும்பலகையில் ‘3x + 5’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

முதல் பெஞ்சுப் பொன்னி எழுந்தாள். “தெரியாதத எதுக்கு சார் மூணு தபா பெருக்கணும்? தெரிஞ்சுகினு பெருக்குனா ஆவாதா?”

“தெரிஞ்சுட்டா அப்புறம் எனக்கு இங்க இன்னா வேலை? உக்காரு.”

தட்டிக்கு அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு பி பிரிவு கொல்லென்று சிரித்தது. இந்தப் பக்கம் ஏ பிரிவில் சடையப்பன் சாருக்கு வயிறு எரிந்தது.

கணக்குப் பாடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? இரண்டு பிரிவுக்கும் ஒரே நேரம், ஒரே பாடம், இயற்கணிதக் கோவைகள். பதினோரு வருஷமாக அதை அவர் நடத்துகிறார். ஒரு பிள்ளை சிரித்ததில்லை. இரண்டு மூன்று பிள்ளைகள் அழுததுண்டு.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு ஓரம் இருந்தது புன்னைக்குப்பம் உயர்நிலைப் பள்ளி. நீளமான ஒரே கூடத்தை ஆளுயர மூங்கில் தட்டியால் மறித்து இரண்டு வகுப்பாக்கியிருந்தார்கள். 1998 ஜூலையில் தலைமையாசிரியர் பார்த்தசாரதி செங்கல்பட்டில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் புறப்படும்போது சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். “வந்ததும் ரெண்டு செக்‌ஷனையும் கேள்வி கேப்பேன். எந்தப் பசங்க டக்குன்னு சொல்றாங்களோ, அவங்க வாத்தியாருக்குத்தான் அடுத்த வருஷம் பத்தாவது கணக்கு.”

பத்தாவது கணக்கு வாத்தியார் என்றால் ஊரில் அந்தஸ்தே வேறு. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். சடையப்பன் அதற்காகப் பதினோரு வருஷம் காத்திருந்தார். பி பிரிவை எடுக்கும் அன்பரசி டீச்சரோ அச்சரப்பாக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

அப்படி என்னதான் நடத்துகிறாள்? பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டியில் காதை வைத்தார். அந்தப் பக்கம் கப்சிப். டீச்சரின் குரலே வெளியே வரவில்லை. ஒட்டுக் கேட்பது தெரிந்துவிட்டது, ரகசியத்தைப் பூட்டி வைத்து நடத்துகிறாள் என்று முடிவு கட்டினார்.

ஆசிரியர் அறையில் பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தார். “என்ன டீச்சர், உங்க கிளாஸ் ரொம்பக் குஷியா இருக்காப்ல இருக்கு.”

அன்பரசி டீச்சர் புன்னகைத்தார். தலையை ஆட்டினார். ஃபிளாஸ்கைத் திறந்து எதையோ ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பொருமினார் சடையப்பன். இதற்குப் பெயர் பொறாமை என்று அவருக்கே தெரியும். தெரிந்து என்ன, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சாமான் எதையாவது காட்டித்தான் சிரிக்க வைக்கிறாள் என்று தோன்றியது. மறுநாள் செய்யூர் வேர்க்கடலை வாங்கி, மூன்று பொட்டலம் கட்டி எடுத்து வந்தார்.

“ஒரு பொட்டலத்துல எத்தனை கடலைன்னு தெரியாது. அது எக்ஸ். வெளியில அஞ்சு கடலை இருக்கு. ஆக, மூணு எக்ஸ் கூட்டல் அஞ்சு. இந்த அஞ்சுதான் மாறிலி. எப்பவும் மாறாது.”

சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதினார். திரும்பிப் பார்த்தால் மேசையில் மூன்று பொட்டலங்கள் மட்டும் இருந்தன.

“அஞ்சு எங்கடா?”

“மாறாதுன்னு சொன்னீங்களே சார்,” என்றாள் பொன்னி, எதையோ மென்றபடி. “துன்னாலும் மாறாதுன்னு நெனச்சேன்.”

அதே சமயம் பி பிரிவில் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நாம் கடலைக்குத் தண்டம் அழுதோம், அவள் வெறும் கையை வைத்துக்கொண்டு சிரிக்க வைக்கிறாளே என்று சடையப்பன் பல்லைக் கடித்தார்.

சரி, தின்ன முடியாத எக்ஸாக இருக்கட்டும். அடுத்த நாள் தன்னையே எடுத்துக்கொண்டார்.

“என் வயசு உங்களுக்குத் தெரியாது. அது எக்ஸ். அஞ்சு வருஷம் கழிச்சு?”

“எக்ஸ் கூட்டல் அஞ்சு சார்.”

அதோடு விட்டிருக்கலாம். “எங்க, எக்ஸ் எவ்ளோன்னு சொல்லுங்க பாப்போம்,” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

“அறுவத்திரண்டு,” என்றது வகுப்பு. அவருக்கு நாற்பத்து நாலு.

“அம்பத்தெட்டுலயே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் எப்படிடா அறுவத்திரண்டு ஆவேன்?”

“அதான் சார் நாங்களும் பேசிகினு கீறோம்,” என்றாள் பொன்னி.

அந்தப் பக்கம் எழுந்த சிரிப்பில் தட்டியே ஆடியது. சடையப்பன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இங்கே தன் மானம் போய்க்கொண்டிருக்கிறது, அங்கே அவளுக்குத் திருவிழா.

“இன்னா சார் பேஜாராக் கீறீங்க?” என்றாள் பொன்னி. அவளுக்கே மனசு கேட்கவில்லை. “எங்க வூட்டுல நண்டு கீது சார். ஒரு கூடை எடுத்தாரட்டா? பச்சையா எவனும் துன்ன மாட்டான்.”

சடையப்பன் திருக்கழுக்குன்றத்துச் சைவம். நண்டைத் தட்டில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமை திரும்பி வருகிறார். “கொண்டா,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஈரச்சாக்கு போட்டு மூடிய கூடை மேசைக்குக் கீழே இருந்தது. உள்ளே கரகரவென்று சத்தம்.

“எத்தனைன்னு எனக்கே தெரியாது சார். நைனா அள்ளிப் போட்டுச்சு.”

“அப்ப இதான் எக்ஸ். ஒண்ணை எடுத்தா எக்ஸ் கழித்தல் ஒண்ணு. எடு.”

“நீங்க எடுங்க சார்.”

பத்தாவது கணக்கை நினைத்துக்கொண்டு குனிந்தார். சாக்கை நீக்கியதும் ஒரு கொடுக்கு உயர்ந்தது. அடுத்த நொடி கூடை கவிழ்ந்து கிடந்தது, சார் மேசை மேல் நின்றுகொண்டிருந்தார்.

“எக்ஸ் கழித்தல் ரெண்டு சார்,” என்று கத்தினாள் பொன்னி, கூடையை நிமிர்த்தியபடி.

அந்த நிலையிலும் அவருக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டுதான் இருந்தார். “மூணாவது கதவாண்ட போவுது. எழுதுங்கடா, எக்ஸ் கழித்தல் மூணு.”

“ஒண்ணப் புடிச்சுப் போட்டுட்டேன் சார்.”

“அப்ப அதோட கூட்டல் ஒண்ணு. சுருக்கு.”

“எக்ஸ் கழித்தல் ரெண்டு,” என்றது மொத்த வகுப்பும் ஒரே குரலில். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு பதில் வந்ததில்லை. அது அவர் காதில் விழவே இல்லை. பி பிரிவு உருண்டு புரண்டு சிரித்துக்கொண்டிருந்தது.

மேசை மேல் நின்றதால் இப்போது தட்டிக்கு மேலாக எல்லாம் தெரிந்தது. பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்பரசி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். வாசலில், கையில் பையோடு, தலைமையாசிரியர்.

“சடையப்பன், அங்க மேல என்ன பண்றீங்க?”

“இயற்கணிதம் சார்.” இறங்க வழியில்லை. கூடைக்குள் இருந்த எக்ஸ் கழித்தல் இரண்டு போக, மிச்ச இரண்டும் கீழே சுற்றிக்கொண்டிருந்தன.

பார்த்தசாரதி பி பிரிவின் பக்கம் திரும்பினார். “மூணு எக்ஸ் கூட்டல் அஞ்சு. மாறிலி எது?”

“அஞ்சு சார். துன்னாலும் மாறாது சார்.”

“என் வயசு எக்ஸ். பத்து வருஷம் முன்னாடி?”

“எக்ஸ் கழித்தல் பத்து சார். ஆனா எக்ஸு அம்பத்தெட்டத் தாண்டக் கூடாது சார்.”

இவளும் கடலை வாங்கினாளா, இவளும் வயசைக் கேட்டாளா என்று சடையப்பன் மேசை மேல் நின்றபடியே வெந்து போனார்.

“பிரமாதம்,” என்றார் பார்த்தசாரதி. “அன்பரசி டீச்சர், அடுத்த வருஷம் பத்தாவது கணக்கு உங்களுக்குத்தான்.”

டீச்சர் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் தட்டிக்கு மேலே கையை நீட்டினார். தலைமையாசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

“டீச்சருக்குத் தொண்ட கட்டிகினு பத்து நாளாச்சு சார். எங்களுக்கும் கணக்கு நடத்தறது அந்த மேச மேல நிக்கற சாருதான்.”