டென்ஸ் என்றால் கட்டி

நல்ல சுகத்தோடு இருந்த ஒரு மனிசியை ஒரே ஒரு சொல்லால் சாகப் போகிறவராக்கி, இருபது நாள் அப்படியே வைத்திருந்தவள் நான். எனக்கு வைத்தியமும் தெரியாது, சூனியமும் தெரியாது. என்னிடம் இருந்ததெல்லாம் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குக் கிடைத்த ஒரு திறமைச் சித்தி மட்டும்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கே போனாலும் அகராதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போவேன். (மீன் வாங்கப் போகும்போதும்தான்.) அன்ரனுக்கும் எனக்கும் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். ஆனால் புது வீடு கட்டி முடித்த பிறகுதான் தாலி என்பது அன்ரனின் தாய் திரேசம்மா மாமியின் சட்டம். அரசாங்கம் வன்னிக்குச் சீமெந்து வர விடாத காலம். ஆகவே என் கலியாண நாளைக் கொழும்பில் யாரோ தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில் மாமிக்கு வலது மார்பில் ஒரு நோவு வந்தது. மாமியின் தமக்கை மார்பகப் புற்றுநோயில் இறந்தவர் என்பதால் வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள். மாமி வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து, வவுனியா தாண்டி, கொழும்பில் இருந்த தன் தங்கை வீட்டில் தங்கி, மார்பகத்தைப் படம் பிடித்துவிட்டு வந்தார்.

"ரெண்டு தட்டுக்கு நடுவில வைச்சு நசிச்சுப்போட்டினம் பிள்ளை. திருக்கையைக்கூட நாங்கள் அப்பிடி நசிக்கிறேல்ல" என்றார்.

நோவு தானாகவே மாறிவிட்டது. ஆனால் றிப்போட் வரவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கையில் அது வந்து சேர்ந்தது. ஊரில் ஆங்கிலம் தெரிந்த பங்குச் சுவாமியார் மன்னாருக்குத் தியானத்துக்குப் போயிருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். நானும் அகராதியோடு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

மாமி கதிரையில் இருந்தார். மாமா பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அன்ரன் வாசற்படியில் சாய்ந்து நின்றார். முதல் வரியிலேயே மார்பு என்ற சொல் ஆங்கிலத்தில் நின்றது. ஆங்கிலம்தான் என்றாலும், வருங்கால மாமனாருக்கும் வருங்காலக் கணவருக்கும் முன்னால் அதை எப்படி வாய்விட்டு வாசிப்பது? மனதுக்குள் வாசித்தேன்.

அடுத்த வரி 'நோ மாஸ்' என்று தொடங்கியது. எனக்குத் தெரிந்த ஒரே மாஸ் ஞாயிறு காலைப் பூசைதான். 'பூசை காணப்படவில்லை.' மாமி கொழும்பில் நின்ற நாட்களில் பூசைக்குப் போகவில்லை என்பதை ஆஸ்பத்திரியில் ஏன் எழுதிவைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. (உண்மையாகவே போகவில்லையாம். பிறகு விசாரித்துப் பார்த்தேன்.) மாமியின் மானத்தைக் காப்பாற்ற நினைத்து அந்த வரியைப் பேசாமல் தாண்டிவிட்டேன்.

அதற்கடுத்த வரியில் 'டென்ஸ்' என்ற சொல் இரண்டு தரம் இருந்தது. அகராதியைப் புரட்டினேன். 'அடர்த்தியான, செறிவான, கட்டியான' என்று போட்டிருந்தது. அடர்த்தி என்றால் காடு. செறிவு என்றால் விஞ்ஞானப் பாடம். கட்டி என்பது மாமி தயிருக்கும் தேங்காய்ப்பாலுக்கும் தினமும் சொல்கிற சொல். கேட்பவருக்கு விளங்கும் சொல்லைத்தான் போடவேண்டும் என்று எங்கள் ஆங்கில ரீச்சர் சொல்லித் தந்திருக்கிறார்.

"கட்டியாய் இருக்காம் மாமி" என்றேன்.

மாமாவின் கை வலையிலேயே நின்றுவிட்டது.

"எந்தப் பக்கம் பிள்ளை?" என்று மாமி கேட்டார்.

"ரெண்டு பக்கமும் மாமி."

"பெரிசாமோ?"

"முழுக்க எண்டுதான் போட்டிருக்கு."

மாமா சிலுவை போட்டுக்கொண்டார். என் ஆங்கிலத்தைக் கண்டு வாயடைத்துப்போனார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். "அக்காவுக்கு ஒரு பக்கம்தானே கட்டி வந்தது" என்று மாமி மெல்லச் சொன்னபோதுதான் எனக்குத் திக்கென்றது. நான் சொன்னது தயிர்க் கட்டி, அவர் கேட்டது நோய்க் கட்டி. அப்போதே வாய் திறந்து திருத்தியிருக்கலாம். ஆனால் அவர்களின் முகங்களைப் பார்க்கப் பார்க்க, ஒருவேளை அதுதான் சரியான அர்த்தமோ என்று எனக்கே பயம் பிடித்துவிட்டது. என் மொழிபெயர்ப்பை முதலில் நம்பியவர்கள் அவர்கள். இரண்டாவதாக நம்பியவள் நான்.

மாமி எழும்பிக் குசினிக்குள் போனார். அரைவாசி வெட்டிவைத்திருந்த மீனை வெட்டி முடித்தார். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

"வீடு எப்பவாவது கட்டுங்கோ. தவக்காலம் தொடங்க முந்தி இவைக்குக் கலியாணம் முடியவேணும். நான் கண்ணால பாத்திட்டுப் போகவேணும்."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவமம்மா" என்றார் அன்ரன்.

"போனா வெட்டுவினம். வெட்டினாப் படுத்திடுவன். படுத்தா எல்லாம் நிண்டிடும். தாலி ஏறட்டும், பிறகு எங்க கூப்பிட்டாலும் வாறன்."

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அப்படிச் சந்தோசப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. மாமி இறந்துபோனால் என்ற நினைப்பு வந்தபோது நடுத்தெருவில் நின்று அழுதேன்.

மாமி சாவதற்கான வேலைகளையும் கலியாண வேலைகளையும் ஒரே நேரத்தில் பார்த்தார். தன்னுடைய பச்சைப் பட்டுச் சீலையை மச்சாள் மேரிக்குக் கொடுத்தார். ஊதாவை இன்னொருவருக்கு. வெள்ளைப் பூப்போட்ட சீலையை மட்டும் கலியாணத்துக்கு உடுப்பதற்கும் பிறகு சவப்பெட்டிக்குமாகச் சேர்த்து ஒதுக்கிவைத்தார். கலியாணத்தன்று கோயிலில் ஒருவரும் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை. எல்லோரும் மாமியைப் பார்த்துத்தான் அழுதார்கள். மாமியோ இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தாலி ஏறிய மூன்றாம் நாள் மாமியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டொக்டர். மாமியைச் சோதித்துப் பார்த்தார். றிப்போட்டை இரண்டு தரம் வாசித்தார்.

"ஆரம்மா உங்களுக்குக் கட்டி எண்டு சொன்னது?"

மாமி நாடியைத் தூக்கி என்னைக் காட்டினார். "எங்கட மருமகள். இங்கிலீஷ் ரீச்சர்." அந்தக் குரலில் பெருமை இருந்தது. எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது.

"கட்டி இல்லையெண்டு தெளிவாப் போட்டிருக்கே. மாஸ் எண்டாத்தான் கட்டி. டென்ஸ் எண்டது, மார்பில கொழுப்புக் குறைவு, மற்ற இழையம் கூட. அது நோயில்லை, கனபேருக்கு அப்பிடித்தான். கையால தடவினாத் தெரியாது, படத்திலதான் தெரியும்."

"அப்ப பயமில்லையோ டொக்டர்?" என்றார் மாமி.

"பயம் வேண்டாம், கவனம் வேணும். படத்தில அந்த இழையமும் வெள்ளை, கட்டி வந்தா அதுவும் வெள்ளை. ஆனையிறவில உப்புக் குவியலுக்க கொக்குத் தேடுற மாதிரி. இப்பிடி அடர்த்தியா இருக்கிறவைக்குப் புற்றுநோய் வாற வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல். உங்கட அக்காவுக்கும் வந்திருக்கு. அதால வருசா வருசம் வந்து காட்டுங்கோ. ஏதும் வித்தியாசம் தெரிஞ்சா உடன வாங்கோ."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்ரனைப் பார்த்தார்.

"தம்பி, போற வழியில மேரி வீட்டில நிப்பாட்டு. என்ர பச்சைச் சீலையை அவள் உடுத்திட்டாளோ தெரியேல்ல."

வழி முழுக்க நான், மாஸைப் பூசையென்று நினைத்துத் தாண்டியதையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டபடி பின்னால் சைக்கிள் மிதித்தேன். மேரி மச்சாள் வீட்டுப் படலையில் இறங்கிய மாமி என் தலையைத் தடவி, "நீ அழாத பிள்ளை. பூசைக்குப் போகாதது ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்" என்றார். பச்சைச் சீலை திரும்பி வந்தது. ஊதா வரவேயில்லை.

கலியாண அவசரத்தில் நான் வேண்டுமென்றேதான் அப்படி வாசித்தேன் என்று ஊரில் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். பிறகு எத்தனையோ இடங்களுக்கு இடம்பெயர்ந்தோம். போன இடத்தில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்றுதான் மாமி முதலில் விசாரிப்பார். எங்களையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டவைப்பார். அன்ரனின் சகோதரிகள் நாலு பேரும் நானும் மாமிக்குப் பயந்தே வருசம் தவறாமல் போகிறோம். மாமிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கடவுள் புண்ணியத்தில் ஒன்றுமில்லை.

போன மாதமும் கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்த இளம் டொக்டர் ஒருவர் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு முந்தி எப்பவாவது கட்டி ஏதும் இருந்ததோ?"

"ஓம் டொக்டர், ஒண்டு இருந்தது" என்ற மாமி, கதவடியில் நின்ற என்னை நாடியால் காட்டினார். "அதை என்ர மகன் கட்டிப்போட்டான்."