வழித்துணைக்குப் போன சாட்சிக்கல் உபதேசியார்

ஒல்லாந்தர் கோட்டைப் பீரங்கிக்குப் பயப்படாதவர்கள் பழவேற்காட்டில் நாலைந்து பேராவது இருந்தோம். சாட்சிக்கல் உபதேசியாருடைய கல்லுக்குப் பயப்படாதவன் எங்கள் குப்பத்தில் பிறக்கவே இல்லை.

கோட்டைக் கோயிலில் வேதம் சொல்லும் வேலை அவருக்கு. நாரைக் கழுத்து, இடிக் குரல். சாயங்காலமானால் குப்பத்துக்கு வந்து இஸ்ரவேல் சனங்களின் கதையைத் தொடங்கிவிடுவார். கடலைப் பிளந்து கடவுள் அவர்களை அக்கரை சேர்த்ததைச் சொன்னபோது எங்களுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

"அந்தக் கடலு யாரு பாடு உபதேசியாரே? மீனெல்லாம் இன்னா ஆச்சு?"

பாடு என்பது ஏரியில் எந்த இடத்தில், எந்த முறைக்கு யார் வலை போடுவது என்று சீட்டெடுத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம். மீறினவனை ஊர் தள்ளிவைத்துவிடும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் உபதேசியார் வெகுநாள் தலைமறைவானார். திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அதுவும் பாடுதான்யா! சாமி அவங்களுக்கு ஒரு நாட்டையே பாடா குடுத்தாரு. 'சொன்னபடி நடந்தா கூடை ரொம்பும், மீறினா வானம் வெண்கலமாப் பூடும், ஒரு சொட்டு மழை வராது'னாரு. அவங்களும் நடக்கறோம்னு வாக்கு குடுத்து, ஒரு கல்லை நட்டு சாட்சி வச்சாங்க."

மறுநாளே கோட்டையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, நாங்கள் சீட்டெடுக்கும் இடத்தில் நெஞ்சுயரக் கல் ஒன்றை நட்டுவிட்டார்.

"நீங்க பேசறதெல்லாம் இது கேட்டுக்கினு இருக்கு."

முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுபோனது. அதன் நிழலில் நாய் படுக்கவில்லை. மழையே இல்லாத காலையில் கல் நனைந்திருந்தது. பெண்டாட்டியிடம் பொய் சொல்ல வேண்டியவர்கள் அவளைத் தூரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்கள். உபதேசியார் மட்டும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அது ஏதோ சொல்வதுபோலத் தலையாட்டிக் கேட்பார். கடல் பிளந்த கதை சொல்லும் அந்த மகானுக்குத் தண்ணீரென்றால் மட்டும் குலை நடுங்கும். கணுக்காலுக்கு மேல் நனைந்ததே இல்லை.

ஒரு வருஷம் ஏரியில் மீன் அற்றுப்போனது. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் இறால் இருந்தது. அந்த இடம் பொன்னன் முறைக்கு விழுந்தது. அவனோ குளிர்காய்ச்சலில் கிடந்தான். பிள்ளைகளுக்குக் கஞ்சிக்குக்கூட வழியில்லை. படுத்துக் கிடப்பவன் இடத்தை யாரும் தொடுவதில்லை, ஊரே அவனுக்காக வலை இழுத்துக் கொடுக்கும் என்று கல்லின் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தோம்.

தலையாரியின் தம்பி வீரனுக்குப் பொறுக்கவில்லை. "கல்லுக்கு ஏதுடா காது? நாளைக்கு நான் போடறேன் வலை" என்று உபதேசியார் காதுபடவே சொன்னான். அவர் ஏரியைப் பார்த்து எச்சில் விழுங்கினார்.

மறுநாள் விடிந்தும் பனி விலகவில்லை. பொன்னன் இடத்துக்குப் பக்கத்தில் என் தோணி நின்றது. ஏரியில் ஒரு பறவைச் சத்தம் இல்லை. வீரனின் தோணி பனிக்குள் நழுவிப் போவதைப் பார்த்துக் கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவனே அலறினான்.

"ஐயோ நைனா! கல்லு! கல்லு வந்து நிக்குது!"

பொன்னனுடைய இடத்தின் நடுவே, இடுப்பளவு தண்ணீரில், தலையை வெளியே நீட்டிக்கொண்டு கல் நின்றது. வீரன் தோணியை விட்டுக் குதித்து, நடந்தே போகக்கூடிய தண்ணீரில் நீந்திக்கொண்டு ஓடினான்.

அன்றைக்கு ஊரே போய்ப் பொன்னனுக்காக வலை இழுத்தது. அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கரையில் உபதேசியார் பற்கள் கிட்டிக்க உட்கார்ந்திருந்தார். நெஞ்சுவரை சேறு. தோள் இரண்டும் தோலுரிந்து கிடந்தன.

"இன்னா உபதேசியாரே, தண்ணில எறங்கினீங்களா?"

"அதுதாம்பா தானா போச்சு. நான் வழித்துணைக்குப் போனேன்."

கல்லைத் திருப்பிக் கொண்டுவர எட்டுப் பேர் போனோம். அசைக்கக்கூட முடியவில்லை. ஒற்றை மனிதர் எப்படித் தூக்கினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. கல் அங்கேயே நிற்கிறது. பனிக்காலத்தில் அந்தப் பக்கம் போனால் தோணியை நிறுத்தி, "குளுருதா உபதேசியாரே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வலையைப் போடுகிறேன்.