போர்வைக் களவு வழக்கும் என்ர கிரேக்க மன்றாட்டும்

ஞாயிற்றுக்கிழமை கோயில்ல ஒரு மன்றாட்டு வாசிக்கோணும். நாலு வரி. அவ்வளவுதான் வேலை.

லண்டன் நோர்பரியில எங்கட கத்தோலிக்கக் கோயில்ல பெந்தகோஸ்து திருநாளுக்கு ஒவ்வொரு நாட்டுச் சனமும் தங்கட பாஷையில எழும்பி ஒரு மன்றாட்டுச் சொல்லும். மலையாளம், போலிஷ், பிலிப்பினோ எண்டு வரிசையா நடக்கும். இந்த முறை பொறுப்பு சவிரி அண்ணை. எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, நீர் கிரேக்கம் படிக்கிறீராம். பைபிள் எழுதின பாஷையெல்லோ! நீர் அதில வாசியும்."

"அண்ணை, நான் தமிழ்ல வாசிக்கிறனே."

"தமிழுக்குப் பதினொரு பேர் அடிபடுகினம். கிரேக்கத்துக்கு நீர் ஒராள்தான்!"

இதில எனக்கு என்ன சிக்கல் எண்டு சொல்லோணும்.

பகல்ல ரயில் ஸ்டேஷன் டிக்கெட் கேட்டடியில வேலை. செவ்வாயும் வியாழனும் பின்னேரம் யூனிவர்சிட்டி. "வேதாகமத்தை மூலமொழியில வாசிக்கப் போறன்" எண்டு சொல்லித்தான் மனிசி ஜெசிந்தாவிட்ட அனுமதி வாங்கினனான். அவவுக்குச் சரியான சந்தோசம். அந்த ரெண்டு நாளும் எங்கட ரெண்டு பெட்டைப் பிள்ளையளையும் தனியப் பாக்கிறா. கோயில் முழுக்கப் பெருமையும் அடிச்சு வச்சிருக்கிறா.

முதல் வருசம் உண்மையாவே நற்செய்தி கொஞ்சம் வாசிச்சனாங்கள்.

ரெண்டாம் வருசம், இடைநிலை வகுப்பு. டீச்சர் கொண்டுவந்து போட்டது ஏதென்ஸ் நீதிமன்றப் பேச்சுகள். களவு, அடிதடி, காணிச் சண்டை, கள்ளப் புருசன்! அந்தக் காலத்தில அப்புக்காத்து, வக்கீல் எண்டு ஒருத்தரும் வந்து கதைக்க மாட்டினம். காசு குடுத்து ஆரிட்டயாவது பேச்சை எழுதுவிச்சு, பாடமாக்கி, வழக்காளி தானே எழும்பிப் பேசோணும்.

எனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது. வேதாகமத்தை மறந்தே போனன்.

ஜெசிந்தாவுக்கு இது தெரியாது. தெரிஞ்சால் செவ்வாயும் போச்சு, வியாழனும் போச்சு.

சனிக்கிழமை பின்னேரம் மன்றாட்டு எழுதக் குந்தினன். "உலக சமாதானத்துக்காக" எண்டு தொடங்கலாம். ஆனா எனக்குத் தெரிஞ்ச கிரேக்கச் சொல்லு என்ன? கள்ளன், சாட்சி, பொய்ச்சத்தியம், பொல்லு. இதுகளை வச்சு என்ன சமாதானம் எழுதிறது?

ஒரு மணித்தியாலம் மண்டையைச் சொறிஞ்சன். பிறகு ஒரு அபாரமான யோசனை வந்தது.

செவ்வாய்க்கிழமை டெஸ்டுக்கு ஒரு போர்வைக் களவு வழக்கில நாலு வரி பாடமாக்கி வச்சிருந்தன். அதையே சொன்னால் என்ன? ஆருக்கு விளங்கப் போகுது? லண்டன்ல இருக்கிற கிரேக்கச் சனம் போற கோயிலே வேற!

என்ர மூளையை நினைச்சு எனக்கே பெருமையா இருந்தது. வெக்கக்கேடு.

ஞாயிறு. கோயில் நிறைஞ்ச சனம். முன் வரிசை வாங்கில ஜெசிந்தா, நல்ல சாறியோட. சவிரி அண்ணை காதுக்குள்ள சொன்னார்:

"ஒரு வரி சொல்லிப்போட்டுத் தலையை நிமித்தும். சனம் பதில் சொல்லும்."

ஏறினன். கையைக் கூப்பினன். குரலை நல்லா உருக்கி, கிரேக்கத்தில தொடங்கினன்.

"நடுவர்களே, நான் அந்தப் போர்வையைக் களவெடுக்கேல்லை."

தலையை நிமித்தினன். முந்நூறு பேர் ஒரே குரல்ல: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" இங்கிலீஷிலதான் சொன்னவை. ஆனா கூரை அதிர்ந்தது.

"இவன்தான் குடிவெறியில வந்து என்ர கதவை உடைச்சவன்."

"கேட்டருளும்!"

"இவன்ர தாய் எப்பிடிப்பட்டவள் எண்டு ஊருக்கே தெரியும்."

"கேட்டருளும்!" சவிரி அண்ணை கண்ணைத் துடைக்கிறார்.

"இவனைச் சும்மா விடாதேங்கோ!"

அதுக்குத்தான் ஆகப் பெரிய சத்தம்.

இறங்கி வந்தன். ஜெசிந்தா என்ர கையைப் பிடிச்சு அமத்தினா. கலியாணத்தண்டு கூட அப்பிடிப் பிடிக்கேல்லை.

பூசை முடிய ஹோலில தேத்தண்ணியும் ரோல்ஸும். விருந்தாளியா வந்திருந்த வயசான வெள்ளைக்கார பாதர் ஒருவர் கோப்பையோட நேர என்னட்ட வந்தார். நான் ரோல்ஸை வாயில வச்சபடி நிக்கிறன்.

"உச்சரிப்பு அருமை" எண்டார் இங்கிலீஷில. "நான் முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில கிரேக்கம் படிப்பிச்சனான்."

ரோல்ஸை மெல்ல வாயில இருந்து எடுத்தன்.

"ஒண்டு மட்டும் கேக்கோணும். கடைசியில போர்வை கிடைச்சுதோ?"

"என்ன போர்வை, பாதர்?" எண்டா பக்கத்தில நிண்ட ஜெசிந்தா.

நான் கண்ணைக் காட்டினன், புருவத்தைக் காட்டினன், இருமியும் பாத்தன். மனிசன் அசையேல்லை. நாலு வரியையும் வரி வரியா இங்கிலீஷில விளங்கப்படுத்தினார். தாய் வரியை ரெண்டு தரம்.

ஜெசிந்தா விறுவிறெண்டு முன்னுக்கு நடந்து வீட்டுக்கு வந்தா.

கதவைப் பூட்டினதும் விசாரணை தொடங்கிச்சுது.

"ரெண்டு வருசமா நான் ஒருத்தி கிடந்து மாயிறன். நீங்கள் வேதம் படிக்கிறீங்கள் எண்டு! இதுவோ வேதம்?"

படிச்ச படிப்பு இப்ப உதவாட்டி எப்ப உதவும்? ஏதென்ஸ்காரர் தொடங்கிற மாதிரியே தொடங்கினன்.

"இஞ்ச பாரும், நான் பேசிப் பழக்கமில்லாத ஒரு அப்பாவி மனிசன்..."

"பதினாறு வருசமா இந்த வீட்டில நீங்கள் மட்டும்தான் பேசுறீங்கள்!"

சரி, அடுத்தது. ஏதென்ஸ்ல நடுவர்மாருக்கு இரக்கம் வரச்செய்ய பிள்ளையளைக் கூட்டிக்கொண்டுவந்து அழவைப்பினம். ரெண்டு பெட்டையளையும் கூப்பிட்டன்.

சின்னவள் அழேல்லை. "அம்மா, அப்பா எங்களுக்கு உந்தக் கேஸ் எல்லாம் சொன்னவர். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவர்" எண்டாள்.

என்ர சாட்சியே எனக்கு எதிரா!

"பிள்ளையளுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது" எண்டா ஜெசிந்தா. குரல் உடைஞ்சிட்டுது. அப்பதான் எனக்கு உண்மையாவே வெக்கமா இருந்தது. பிழை என்னிலதான் எண்டு ஒத்துக்கொண்டன். "சொன்னால் விடமாட்டீர் எண்டு பயந்திட்டன்" எண்டும் சொன்னன்.

ஜெசிந்தா சாறித் தலைப்பால முகத்தைத் துடைச்சா. பிறகு மெல்லக் கேட்டா.

"அந்தத் தாய் அப்பிடி என்ன செய்தவ?"

எனக்கு மூச்சு வந்தது! ஆனா தாயின்ர கதைக்கு முதல் என்ர வழக்கை முடிக்கோணும். கதிரையை இழுத்துப் போட்டு, குற்றவாளி எண்டு தீர்ந்தால் ஏதென்ஸ்ல என்ன நடக்கும் எண்டு முதல்ல விளங்கப்படுத்தினன். வழக்குப் போட்டவர் ஒரு தண்டனை சொல்லுவார், குற்றவாளியும் தனக்கு ஒரு தண்டனை சொல்லலாம், நடுவர்மார் அதில ஒண்டை எடுப்பினம்.

"அப்ப உங்கட தண்டனையைச் சொல்லுங்கோ."

"ஒரு வருசத்துக்குச் சனி, ஞாயிறு சமையல் என்ர பொறுப்பு."

"நான் சொல்றது, வகுப்பு முடிஞ்சு வந்து அண்டண்டு படிச்ச வழக்கை ஒண்டும் விடாமல் எனக்குச் சொல்லோணும்."

ஏதென்ஸ்ல ரெண்டில ஒண்டைத்தான் எடுக்கலாம். நோர்பரியில ரெண்டையும் எடுக்கலாமாம்.