எருமை டீச்சர் வாங்கிய சாந்த குணச் சான்றிதழ்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்டால் எனக்கே தெரியாது, ஒரு புலிக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக் குட்டிகள் இரண்டுக்கும் அன்பும் பொறுமையும் சொல்லிக்கொடுக்க வேலாத்தா என்ற எருமையை டீச்சராக வைத்திருந்தார்கள். குட்டிகள் வாலைக் கடித்தால்கூட, "கண்ணுங்களா, கோபம் வந்தா பத்து வரைக்கும் எண்ணணும்" என்பாள். நானாக இருந்தால் இரண்டிலேயே முட்டியிருப்பேன்.

ஒரு நாள் காலை அம்மா புலி கூப்பிட்டது. "டீச்சர், புதுசா சட்டம் போட்டிருக்காங்க. இன்னிக்குள்ள சாந்த குணச் சான்றிதழ் கொண்டு வாங்க. இல்லேன்னா நீங்க டீச்சர் இல்ல, வெறும் எருமை." சொல்லிவிட்டு உதட்டை நக்கிக்கொண்டது.

வேலாத்தா குட்டிகளையும் கூட்டிக்கொண்டு காட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். வரிசையில் நாலாவது ஆள் அவள்தான். "ஒரே ஒரு கையெழுத்துதான்க்கா" என்று ஒரு நரி முன்னால் நுழைந்தது. கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினாள். திறந்தால் முன்னால் ஆறு குரங்குகள்! மறுபடி எண்ணினாள். இந்த முறை ஒரு மான் குடும்பம், சாப்பாட்டுக் கூடையோடு.

"டீச்சர், நாம பின்னாடி போய்க்கிட்டிருக்கோம்" என்றது சின்னக் குட்டி.

"பொறுமையா இருந்தா நல்லது நடக்கும்டா" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. நல்ல பாடம் எடுத்தோம் போ என்று தன்னையே நொந்துகொண்டாள்.

சாயங்காலம் அவள் முறை வந்தபோது ஆந்தை குமாஸ்தா ஜன்னலைச் சாத்தப் போனது. "சர்வர் டவுன். நாளைக்கு வாங்க."

நாளைக்கு அவள் குழம்பாகியிருப்பாள்.

"அடேய்!" என்று கத்தினாள் வேலாத்தா. கொம்பு இரண்டும் ஜன்னலுக்குள் போயின. "காலையிலேர்ந்து நிக்கிறேன், அன்பா சொன்னா உன் காதுல ஏறாதா?"

சர்வர் உடனே வந்துவிட்டது. ஆந்தை நடுங்கிக்கொண்டே எழுதியது: 'இவர் மிக மிகச் சாந்தமானவர். இந்த அலுவலகமே சாட்சி.'

வீட்டில் குட்டிகள் நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தன. வேலாத்தா கூனிக் குறுகி நின்றாள். அம்மா புலி சான்றிதழைப் படித்துவிட்டு மெல்லக் குழைந்தது.

"டீச்சர், நாலு வருஷமா உறுமிப் பார்த்துட்டேன், ரேஷன் கார்டுல எங்க பேரு ஏறவே மாட்டேங்குது. நாளைக்கு நீங்களே போயி, இதே மாதிரி சாந்தமா கேட்டு வாங்கிட்டு வந்துடுங்களேன்."

நீதி: சாந்த குணச் சான்றிதழ் வாங்கச் செல்வோர் தங்கள் கொம்புகளைத் தவறாமல் கொண்டு செல்லவும். (எனக்குக் கொம்பு கிடையாது, அதனால் சான்றிதழும் கிடையாது.)