ஹெலிகாப்டரில் தொங்கியவர்

முட்டாள்தனத்தில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, தெருவையே என் வீட்டுக்குக் கூட்டி, ஒரு நல்ல மனிதரைப் பொய்யர் என்று நிரூபிக்கப் புறப்பட்டவன் நான்.

தொண்ணூறுகளின் நீலசந்திராவில் அவர் பெயர் ஹெலிகாப்டர். தெருமுனையில் இஸ்திரி வண்டி. உயரத்துக்கு அவரைப்போல் பயந்தவர் பெங்களூரிலேயே கிடையாது. பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறச் சொன்னால், ஸ்டூலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதல் மாடிக்காரர்கள் கூடையைக் கயிற்றில் இறக்கித்தான் துணி வாங்க வேண்டும். இவர்தான், ஆறு விரல் உள்ள இடக்கையால் காலரைத் தடவியபடி, பழைய உளவாளிப் படமொன்றில் டூப்பாக ஹெலிகாப்டரில் தொங்கியதாகச் சொல்வார்.

“ஹெலிகாப்டரு வெறும் பிளைவுட்டு தம்பி. கிரேன்ல தொங்கவிட்டாங்க. காத்துக்கு ரெண்டு ராட்சச ஃபேனு. அதுல நெசம்னா, நான் கீழ விழுந்தது ஒண்ணுதான்.”

அந்தப் படத்தைக் கல்லூரி நாளில் பதினாலு தடவை பார்த்தவன் நான். கயிற்றில் தொங்கியபடியே வில்லனை உதைக்கும் கதாநாயகியிடம் மனதைப் பறிகொடுத்து, அவர் போட்டோவைப் பர்ஸில் வைத்திருந்தேன். எனக்கே கதையா?

“படத்துல நீங்க இல்லேன்னா?”

“வண்டிய வேற ஏரியாவுக்குத் தள்ளிடறேன்.”

இருபது வருஷமாக அவர் நின்ற இடம் அது.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கூடத்தில் கேசட் ஓடியது. கதாநாயகன் ஹெலிகாப்டரைத் தாவிப் பிடித்ததும் படத்தை நிறுத்தினேன். சாட்சாத் கதாநாயகனேதான். கை ஒன்றுக்கு ஐந்தே விரல்.

“இதுல நீங்க எங்கண்ணே?”

கூடம் சிரித்தது.

“சும்னே, சும்மா ஓட விடு தம்பி,” என்று தரையைப் பார்த்துச் சொன்னவர், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

ஓட விட்டேன். கதாநாயகி ஹெலிகாப்டர் கயிற்றுக்குத் தாவினார். பட்டுப்புடவை, கொண்டை, கை நிறைய வளையல். எதிர்வீட்டு மேரியக்கா டிவியருகே போய்க் குனிந்தார்.

“இரு, நிறுத்து. கர்த்தரே, இந்தம்மாவுக்கு ஆறு விரலு.”

எண்ணினேன். ஆறு. திரும்ப எண்ணினேன். அப்போதும் ஆறு. அப்படியானால் பர்ஸில் நான் சுமந்த காதல்?

வெளியே ஓடினேன். அவர் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். நானே பிடுங்கித் திரும்ப வைத்தேன்.

“புடவையிலன்னு ஏண்ணே சொல்லல?”

“ஆம்பளையா தொங்கினேன்னாலே சிரிக்கிறீங்க.”

பர்ஸைத் திறந்து அந்தப் போட்டோவை நீட்டினேன். “அந்த சீனுக்காகத்தாண்ணே இத்தனை வருஷமா வெச்சிருக்கேன்.”

போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டிக்குள் கரியை ஊதினார்.

“சட்டை கசங்கியிருக்கு, கழட்டு.”